ரைஃபிள் தோட்டா மறுநிரப்பல்: கருவிகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகாதபோது – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு நிறுவனத்தின் பிரஸ், இன்னொரு நிறுவனத்தின் டை, வேறெங்கோ வாங்கிய ஷெல் ஹோல்டர், யாரோ சுட்டுப் போட்ட கூடு. வீட்டில் தோட்டா நிரப்புபவர்களின் மேசை பெரும்பாலும் இப்படித்தான் இருக்கிறது. அதில் தவறு ஒன்றும் இல்லை. ஆனால் சிக்கல் வரும்போது அது எந்தப் பொருளிலும் தனியாக இருக்காது. இரண்டு பொருள்கள் தொட்டுக்கொள்ளும் இடத்தில்தான் இருக்கும். அந்த இடத்தைக் காலிப்பரால் அளந்து கண்டுபிடிக்க வேண்டும். கைப்பிடியை இன்னும் கொஞ்சம் பலமாக அழுத்திக் கண்டுபிடிக்க முயல்பவர்கள் டையையும் கூட்டையும் சில சமயம் விரலையும் இழக்கிறார்கள்.

இங்கே கூடு என்பது பித்தளை கேஸ். குண்டு என்பது அதன் வாயில் செருகப்படும் புல்லட். மருந்து என்பது பவுடர். பிரைமர் என்பது கூட்டின் அடியில் செருகி மருந்தைப் பற்றவைக்கும் சிறு கிண்ணம். சுட்ட கூட்டை மீண்டும் தோட்டாவாக்குவதே மறுநிரப்பல். பிரஸ் என்பது கைப்பிடியால் இயங்கும் அழுத்துகருவி. அதில் ஏறி இறங்கும் தண்டு ராம், அதன் தலையில் கூட்டைப் பிடிப்பது ஷெல் ஹோல்டர், மேலே கூட்டுக்கு வடிவம் தரும் அச்சு டை. கூட்டை டைக்குள் அழுத்திப் பழைய அளவுக்குக் கொண்டுவருவது சைஸிங். கழுத்துக்குக் கீழே கூடு சரிந்து விரியும் பகுதி தோள். மறுநிரப்பல் சில நாடுகளில் தடையில்லாத பொழுதுபோக்கு, சிலவற்றில் உரிமம் தேவை, சிலவற்றில் அறவே கூடாது. உங்கள் ஊர்ச் சட்டம் அனுமதிக்கிறது என்ற நிலையிலிருந்தே இந்தப் பதில்கள் தொடங்குகின்றன. மருந்தின் அளவுகள் இங்கே கிடையாது. அவற்றுக்கு மருந்து அல்லது குண்டு தயாரிப்பாளரின் கையேடு மட்டுமே ஆதாரம்.

டை ஒரு நிறுவனம், பிரஸ் வேறு நிறுவனம். பொருந்துமா?

பெரும்பாலும் பொருந்தும். ரைஃபிள் டைகளின் பொது மரை 7/8-14. அதாவது விட்டம் 7/8 அங்குலம், ஓர் அங்குல நீளத்துக்கு 14 சுற்று. ஆர்சிபிஎஸ், லீ, ஹார்னடி, ரெட்டிங், ஃபார்ஸ்டர் என்று யாருடைய சாதாரண டையும் இந்த மரையில்தான் வருகிறது. .50 பிஎம்ஜி போன்ற பெரிய தோட்டாக்களின் டைகள் இதைவிடப் பருமனானவை. அவற்றுக்கு அதற்கென்றே செய்த பிரஸ் வேண்டும்.

குழப்பம் மரையைத் தாண்டியே தொடங்குகிறது. ஹார்னடியும் லீயும் டையைச் சட்டென்று மாற்றுவதற்காக டையை ஏந்தும் வளையமான புஷிங் முறை ஒன்றை வைத்திருக்கின்றன. டை இரண்டு புஷிங்குகளிலும் ஏறும். ஆனால் ஒருவரின் புஷிங் மற்றவரின் பிரஸ்ஸில் பூட்டாது. பழைய டைகளோடு சேர்த்து புஷிங்குகளை வாங்கியவர்கள் இதைத் தாமதமாகத்தான் உணர்கிறார்கள்.

அடுத்தது டையை அதன் உயரத்தில் நிறுத்தும் லாக் ரிங். ஃபார்ஸ்டர் கோ-ஆக்ஸ் பிரஸ்ஸில் டையை மரையில் திருகுவதில்லை. லாக் ரிங்கைப் பிடித்துப் பள்ளத்தில் பக்கவாட்டாகத் தள்ளுகிறோம். அங்கே ரிங்கின் பருமன்தான் எல்லாம். லீ டையோடு வரும் ரிங் அந்தப் பள்ளத்துக்கு ஒத்துவராது. குறுக்குத் திருகால் இறுக்கும் வகை ரிங்கை மாட்டிக்கொண்டால் அதே டை அழகாக உட்காரும். டையின் உயரத்தையும் பாருங்கள். தலைப்பலகை தடித்த சில புரோகிரசிவ் பிரஸ்களில் (ஒவ்வோர் இழுப்பிலும் பல வேலைகளைச் சேர்த்துச் செய்பவை), உயரம் குறைந்த டை கீழே போதிய அளவு இறங்கியபின் மேலே ரிங் பிடிக்க மரை மிஞ்சாது. மெல்லிய லாக் ரிங் ஒன்று வாங்கினால் தீர்ந்துவிடும்.

ஷெல் ஹோல்டர் எண் சரியாகத்தான் இருக்கிறது, கூடு நுழையவில்லை. ஏன்?

எண்கள் நிறுவனத்துக்கு நிறுவனம் வேறு. புதியவர்களை அதிகம் அலைக்கழிப்பது இதுதான். .308 வின்செஸ்டரும் .30-06 ஸ்பிரிங்ஃபீல்டும் ஒரே அடிப்பகுதி கொண்டவை. விளிம்பின் விட்டம் 0.473 அங்குலம். இவற்றுக்கு ஆர்சிபிஎஸ் 3 என்கிறது, லீ 2 என்கிறது, ஹார்னடியும் ரெட்டிங்கும் 1 என்கின்றன. .223 ரெமிங்டனுக்கு ஆர்சிபிஎஸ்ஸிலும் ரெட்டிங்கிலும் 10, லீயில் 4, ஹார்னடியில் 16. இப்போது ஆர்சிபிஎஸ்ஸின் 4 எதற்கு என்றால், அடிக்கு மேலே பெல்ட்போல் ஒரு வளையம் வைத்த பெரிய மேக்னம் கூடுகளுக்கு! '4 கொடுங்கள்' என்று கேட்டு வாங்கியவர் .223 கூட்டை அதில் வைத்தால் லொடலொடவென்று ஆடும். எனவே எண்ணை மட்டும் எழுதி வைக்காதீர்கள். நிறுவனப் பெயரோடு தோட்டாவின் பெயரையும் சேர்த்து எழுதி வையுங்கள்.

எண் சரியாக இருந்தும் நுழையாவிட்டால், கூட்டின் விளிம்பை வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். தானியங்கி ரைஃபிளின் எக்ஸ்ட்ராக்டர் கவ்வி இழுத்த இடத்தில் சிறு பிசிறு எழும்பியிருக்கும். நகத்தால் வருடினால் தட்டுப்படும். நுண்ணிய அரத்தால் ஒரு முறை தேய்த்தால் போதும். பல கூடுகளிலும் அதே பிசிறு இருந்தால் ரைஃபிளின் பக்கம் கவனம் திரும்ப வேண்டும்.

நுழைகிறது, ஆனால் தளர்வாக ஆடுகிறது என்றால்? கொஞ்சம் ஆடத்தான் வேண்டும். அப்போதுதான் கூடு டையின் நடுவுக்குத் தானாக வந்து சேரும். விளிம்பு வழுக்கி வெளியே வரும் அளவுக்கு ஆடினால் அது வேறு தோட்டாவின் ஹோல்டர்.

இன்னொரு அளவு இருக்கிறது, பலரும் கவனிக்காதது. ஷெல் ஹோல்டரில் கூடு உட்காரும் தளத்திலிருந்து மேல்முகம் வரை 0.125 அங்குலம் என்பது பொதுவான வழக்கு. டை எந்த இடத்தில் நிற்க வேண்டும் என்ற கணக்கே இதன்மேல்தான் கட்டப்பட்டிருக்கிறது. ஹோல்டர் அங்குலத்தின் ஆயிரத்தில் சில பங்கு உயரமாக அமைந்துவிட்டால் கூட்டின் தோள் அந்த அளவுக்குப் பின்தள்ளப்படாமல் நின்றுவிடும். இதையே நன்மையாக மாற்றி, ரெட்டிங் 0.002 முதல் 0.010 அங்குலம் வரை படிப்படியாக உயர்ந்த ஷெல் ஹோல்டர் தொகுப்பு ஒன்றை விற்கிறது. டையைத் தொடாமல், ஹோல்டரை மாற்றியே தோளின் இடத்தை நகர்த்திக்கொள்ளலாம்.

முழுநீள சைஸிங் செய்தபிறகும் கூடு ரைஃபிளின் அறைக்குள் போகவில்லை. டை பழுதா?

டை பழுதாக இருப்பது அபூர்வம். இந்தக் கேள்விக்கு நிதானமாகப் பதில் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஒரே அறிகுறிக்கு நான்கைந்து காரணங்கள் உண்டு.

முதலில் எங்கே உரசுகிறது என்று கண்டுபிடியுங்கள். பிரைமரோ மருந்தோ குண்டோ இல்லாத, சைஸ் செய்த வெற்றுக் கூடு ஒன்றை எடுத்து, மார்க்கர் பேனாவால் கழுத்திலிருந்து அடி வரை கறுப்பாகப் பூசிக் காயவிடுங்கள். அறைக்குள் மெல்ல நுழைத்து, எதிர்ப்புத் தெரிகிற இடம் வரை போல்ட்டை மூடி, வெளியே எடுங்கள். மை அழிந்த இடத்தில் பித்தளை பளிச்சென்று தெரியும். தோளில் வளையமாக அழிந்திருந்தால் தோள் முன்னால் நிற்கிறது. வாயின் முனையில் அழிந்திருந்தால் கூடு நீளம். அடிப்பகுதிக்குச் சற்று மேலே அழிந்திருந்தால் உடல் பருமன். இந்த ஒரு சோதனை பல நாள் யூகத்தை மிச்சப்படுத்தும்.

தோள் முன்னால் நிற்கிறது என்றால், டை போதிய அளவு இறங்கவில்லை. இதில் ஒரு வினோதம் உண்டு. டையைக் கொஞ்சம் உயரமாக வைத்துப் பாதி சைஸ் செய்தால், அது கூட்டின் உடலைச் சுற்றிலும் அழுத்துகிறது. பிதுங்கும் பித்தளை போக இடமில்லாமல் தோளை முன்னுக்குத் தள்ளுகிறது. எனவே பாதி சைஸ் செய்த கூடு, சுட்டெடுத்த கூட்டைவிட இறுக்கமாக இருக்கும். 'சைஸ் செய்வதற்கு முன் நுழைந்தது, செய்தபின் நுழையவில்லை' என்று திகைப்பவர்களுக்கு இதுவே விடை.

டை தயாரிப்பாளர்கள் பொதுவாகச் சொல்வது: ராமை உச்சிக்கு ஏற்றி, டை ஷெல் ஹோல்டரைத் தொடும்வரை இறக்கி, பிறகு 1/8 முதல் 1/4 சுற்று கூடுதலாகத் திருகுங்கள். ஆனால் வெறும் பிரஸ்ஸில் தொட்டு நிற்கும் டை, கூடு உள்ளே இருக்கும்போது தொடுகிறதா என்பதுதான் உண்மையான சோதனை. பளுவில் பிரஸ்ஸின் சட்டம் சற்று விரிகிறது. எண்ணெய் தடவிய கூட்டோடு ராமை உச்சியில் நிறுத்தி, டைக்கும் ஹோல்டருக்கும் இடையே விளக்கொளியில் பாருங்கள். முடியளவு வெளிச்சம் தெரிந்தாலும் அந்த அளவுக்குத் தோள் முன்னே நிற்கிறது. 14 சுற்று ஓர் அங்குலம் என்பதால் ஒரு முழுச் சுற்று 0.071 அங்குலம், 1/8 சுற்று ஏறத்தாழ 0.009 அங்குலம். ஆகவே டையைத் திருப்பும்போது கடிகார முள்ளின் ஒரு நிமிட அசைவே 0.001 அங்குலத்துக்குச் சற்று மேல் வரும். கை முரட்டுத்தனமாகத் திரும்பக் கூடாது.

அதற்காகக் கண்மூடி அடிவரை இறக்குவதும் சரியல்ல. தோளை அளவுக்கு மீறிப் பின்தள்ளினால், ஒவ்வொரு சுடுதலிலும் கூடு நீண்டு, அடிக்குச் சற்று மேலே சுவர் மெலிந்து, ஒருநாள் அங்கேயே பிரிந்துவிடும். வெளியே பளபளப்பான மெல்லிய வளையம் தெரிகிற கூட்டைத் தயங்காமல் எறியுங்கள். வளைந்த கம்பி ஒன்றை உள்ளே விட்டு அடிப்பக்கச் சுவரை வருடினால் பள்ளம் தட்டுப்படும். போல்ட் ரைஃபிளுக்குத் தோள் 0.001 முதல் 0.002 அங்குலம் பின்னால் போனால் போதும் என்பது பழகியவர்களின் வழக்கம்; தானியங்கிக்கு 0.003 முதல் 0.005 அங்குலம். இதை அளக்க, காலிப்பரில் மாட்டும் ஹெட்ஸ்பேஸ் கம்பேரட்டர் வேண்டும். மறுநிரப்பலில் நான் முதலில் பரிந்துரைக்கும் கருவி அதுதான். விலையுயர்ந்த பிரஸ் பிறகு வரலாம்.

உடல் பருமன் என்றால், அந்தக் கூடு வேறொருவரின் பெரிய அறையில் சுடப்பட்டதாக இருக்கலாம். சாதாரண டை அடிப்பகுதிவரை எட்டாது; அதற்கு 'ஸ்மால் பேஸ்' டை இருக்கிறது. பெல்ட் வைத்த மேக்னம் கூடுகளில் பெல்ட்டுக்கு மேலே வரும் வீக்கமும் இதே வகை.

நிரப்பிய தோட்டா மட்டும் நுழையவில்லை, சைஸ் செய்த வெற்றுக் கூடு நுழைகிறது என்றால் குற்றவாளி சைஸிங் டை அல்ல, குண்டைச் செருகும் சீட்டிங் டை. அதன் உள்ளே கிரிம்ப் செய்யும், அதாவது வாயைக் குண்டின்மேல் நெருக்கும் படி ஒன்று இருக்கிறது. டையைத் தாழ வைத்தால் அந்தப் படி கூட்டின் வாயைக் கீழே அழுத்தி, தோளைக் கொப்புளம்போல் பிதுக்கிவிடும். நீளம் சீராக இல்லாத கூடுகளில், சற்று நீளமானவை மட்டும் இப்படிக் கெடும். அதனால்தான் இருபதில் இரண்டு மட்டும் நுழையாமல் நிற்கின்றன. கூடு உள்ளிருக்க டை வாயைத் தொடும் இடத்தைக் கண்டுபிடித்து, ஒரு சுற்று மேலே ஏற்றி, குண்டின் ஆழத்தை, அதைத் தள்ளும் தண்டான ஸ்டெம்மால் சரிசெய்யுங்கள். ஒன்று நினைவிருக்கட்டும்: நிரப்பிய தோட்டாவை வீட்டுக்குள் ரைஃபிளில் நுழைத்துப் பார்க்கவே கூடாது. கேஸ் கேஜ் என்ற உருளை அளவுகோல் அதற்காகத்தான் இருக்கிறது.

கூடு டைக்குள் மாட்டிக்கொண்டது. எப்படி எடுப்பது?

நிறுத்துங்கள். மேலும் இழுத்தால் விளிம்பு கிழிந்து ஹோல்டரில் வரும், கூடு டையிலேயே நிற்கும்.

காரணம் பெரும்பாலும் எண்ணெய்க் குறைவுதான்: தடவாமல் விட்டது, அல்லது அடிப்பக்கம் விட்டுப்போனது. எடுப்பதற்கென்றே சிறு கருவித்தொகுப்புகள் கிடைக்கின்றன. டையின் நடுவே ஊசியைத் தாங்கும் தண்டான ஸ்பிண்டிலைத் தளர்த்தி முடிந்தவரை மேலே வாங்கி, பிரைமர் பள்ளத்தின் நடுவே துளையிட்டு, மரை போட்டு, திருகாணியால் இழுப்பது அவற்றின் முறை. ஆர்சிபிஎஸ் தொகுப்பில் மரை 1/4-20. லீ டைகளில் ஸ்பிண்டில் ஒரு கோலட்டால் மட்டுமே பிடிக்கப்பட்டிருப்பதால், அதைத் தளர்த்தி மேலிருந்து தட்டியே கூட்டை வெளியேற்ற முடியும். இதையெல்லாம் பிரைமர் வெளியேறிவிட்ட வெற்றுக் கூட்டில் மட்டுமே செய்யலாம். உயிருள்ள பிரைமர் இருக்கிற கூட்டைத் துளையிடுவதும் தட்டுவதும் உயிரோடு விளையாடுவது.

கார்பைடு (மிகக் கடினமான பொருள்) டை வாங்கினால் எண்ணெய் வேண்டாம்தானே?

நேரான சுவர் கொண்ட பிஸ்டல் கூடுகளுக்கு வேண்டாம். கழுத்துக் குறுகும் ரைஃபிள் கூடுகளுக்குக் கார்பைடாக இருந்தாலும் எண்ணெய் வேண்டும். மறுபுறம், எண்ணெய் மிகுந்தால் தோளில் பள்ளம் விழும். டையின் பக்கத்தில் இருக்கும் சிறு காற்றுத் துளை அடைபடாமல் பாருங்கள்.

பிரைமர் தள்ளும் ஊசி அடிக்கடி வளைகிறது, உடைகிறது.

கூட்டின் உள்ளே விளக்கடித்துப் பாருங்கள். நடுவே ஒரே துளை இருந்தால் பாக்சர் வகை. உங்கள் டை அதற்காகச் செய்யப்பட்டது. பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு சிறு துளைகள் இருந்தால் பெர்டான் வகை. ஊசி நடுவே திடமான பித்தளையில் மோதுகிறது. எந்த நிறுவனத்தின் ஊசியும் அங்கே தோற்றுப்போகும். பழைய இராணுவக் கூடுகளில் இது அதிகம். கலந்து கிடக்கும் கூடுகளை டைக்குக் காட்டுவதற்கு முன் ஒவ்வொன்றின் உள்ளும் பார்த்துவிடுவது நல்லது.

ஒரே துளைதான், ஆனாலும் ஊசி துளையில் சிக்கிக் கூட்டோடு கீழே வருகிறது என்றால் துளை சிறியது. வழக்கமான துளை 2 மில்லிமீட்டர், லாபுவாவின் 6.5 கிரீட்மூர், 6 மி.மீ. பிஆர் போன்ற சில கூடுகளில் 1.5 மில்லிமீட்டர்தான். அவற்றுக்கு மெல்லிய ஊசி தனியாகக் கிடைக்கிறது. துளையைப் பெரிதாக்கிக்கொள்ளலாமே என்று கேட்கிறார்கள். அந்தக் கூட்டின் தரமே அந்தத் துளையின் சீர்மையில் இருக்கிறது. ஊசியை மாற்றுவதே சரி.

பிரைமர் பள்ளத்தில் இறங்கவில்லை. அல்லது அடியைவிட உயர்ந்து நிற்கிறது.

வரிசையாகப் பார்க்க வேண்டியவை உண்டு. ரைஃபிள் பிரைமரில் பெரியது ஏறத்தாழ 0.210 அங்குல விட்டம், சிறியது 0.175. .308 வின்செஸ்டர் என்றால் பெரியதுதான் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். சிறிய பிரைமர் பள்ளத்தோடும் .308 கூடுகள் விற்பனையில் உள்ளன. 6.5 கிரீட்மூரிலும் இரண்டு வகையும் உண்டு. ஒரே பெட்டியில் இரண்டும் கலந்தால், மேசையில் அரை நாள் போய்விடும்.

விட்டம் சரி, இருந்தும் நசுங்கி நிற்கிறது என்றால் இராணுவக் கூட்டின் கிரிம்ப். பிரைமர் கழன்றுவிடாமல் இருக்கப் பள்ளத்தின் விளிம்பை உள்நோக்கி அமுக்கியிருப்பார்கள். ஸ்வேஜ் செய்தோ (அழுத்தி விரித்தோ) ரீமரால் வெட்டியோ அதை நீக்க வேண்டும். ஒருமுறை நீக்கினால் அந்தக் கூட்டின் ஆயுள் முழுவதற்கும் போதும். ரீமரை அதிகம் சுழற்றினால் பள்ளம் தளர்ந்து பிரைமர் நிற்காது. ஸ்வேஜ் முறை பொறுமையில்லாதவர்களுக்குப் பாதுகாப்பானது.

பிரைமர் கருவியின் கப்பும், பிரைமரைத் தள்ளும் ஊசியான பஞ்ச்சும் பெரிது, சிறிது என்று ஜோடியாக வரும். பஞ்ச் மட்டும் மாற்றிக் கப்பை மாற்ற மறந்தால் பிரைமர் சாய்ந்து இறங்கும். கையில் பிடித்து அழுத்தும் பிரைமர் கருவிகளில் இன்னொரு பொறி: சிலவற்றின் ஷெல் ஹோல்டர் பிரஸ்ஸின் ஹோல்டர் அல்ல. லீயின் கைக்கருவிக்குத் தனித் தொகுப்பு. பிரஸ் ஹோல்டரை அதில் போட முடியாது. ஆர்சிபிஎஸ்ஸின் யுனிவர்சல் கைக்கருவியோ ஹோல்டரே இல்லாமல் தாடையால் கூட்டைப் பிடிக்கிறது.

சரியாக உட்கார்ந்த பிரைமர், கூட்டின் அடிமுகத்தைவிடச் சற்று உள்ளே, 0.003 முதல் 0.005 அங்குலம் தாழ்ந்திருக்கும். ஒவ்வொன்றையும் விரல் நுனியால் வருடிப் பாருங்கள். உயர்ந்து நிற்கும் பிரைமர் போல்ட் ரைஃபிளில் சுடாமல் போகலாம். ஃபயரிங் பின் தளர்வாக மிதக்கும் தானியங்கி ரைஃபிளில் போல்ட் மூடும்போதே வெடிக்கலாம். மருந்து நிரப்பியபின் உயர்ந்த பிரைமரைக் கண்டால் மேலும் அழுத்த வேண்டாம். குண்டை எடுத்து, மருந்தைக் கொட்டிவிட்டுப் பிறகு பாருங்கள்.

பெரிய பிஸ்டல் பிரைமர் பெரிய ரைஃபிள் பள்ளத்தில் நுழையும். விட்டம் ஒன்றுதான். ஆனால் உயரம் குறைவு, கப் மெல்லியது, ரைஃபிள் அழுத்தத்துக்கு அது செய்யப்படவில்லை. பொருந்துகிற எல்லாம் ஒத்துப்போகிறவை அல்ல என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

குண்டின் மூக்கில் வளையமாகத் தழும்பு விழுகிறது. நீளமும் தோட்டாவுக்குத் தோட்டா மாறுகிறது.

இரண்டுக்கும் பெரும்பாலும் ஒரே காரணம்: சீட்டிங் ஸ்டெம்மின் உட்குழிவு உங்கள் குண்டின் வடிவத்துக்கு ஒத்துப்போகவில்லை. பழைய டைகளின் ஸ்டெம் மூக்கு மழுங்கிய குண்டுகளுக்காகக் குடையப்பட்டது. நீண்டு கூர்ந்த இன்றைய குண்டின் முனை, குழிவின் உச்சியில் முட்டிக்கொள்கிறது. அதாவது ஸ்டெம் பக்கத்தைப் பிடிக்காமல் முனையைப் பிடித்துத் தள்ளுகிறது. குண்டின் முனைகளோ பெட்டிக்குள்ளேயே நீளம் மாறுபவை. முனையில் மார்க்கர் பூசி ஒன்றை உட்கார்த்திப் பாருங்கள்; மை முனையில் அழிந்தால் விஷயம் உறுதி. நீண்டு கூர்ந்த குண்டுக்கான விஎல்டி வடிவ ஸ்டெம் என்று கேட்டு வாங்குங்கள்.

ஸ்டெம் சரியாகி, நீளம் இன்னும் மாறுவதாகத் தோன்றினால் அளக்கும் முறையைப் பாருங்கள். முனையிலிருந்து அளக்காமல், குண்டின் வளைவு தொடங்கும் ஓஜைவ் பகுதியிலிருந்து கம்பேரட்டரால் அளந்தால் எண்கள் சட்டென்று ஒன்றுகூடும். வளையத் தழும்பு மட்டும் மிஞ்சினால் ஸ்டெம்மின் விளிம்பு கூர்மையாக இருக்கிறது. நுண்ணிய எமரித் தாளால் மழுக்கலாம். கழுத்து மிக இறுக்கமாக இருந்தாலும், மருந்து வாய்வரை நிறைந்து குண்டு அதை அமுக்கிக்கொண்டு இறங்கினாலும் தழும்பு வரும்.

குண்டு கழுத்தில் தளர்வாக நிற்கிறது. விரலால் அழுத்தினாலே உள்ளே போகிறது.

அந்தத் தோட்டாவைச் சுடாதீர்கள். குண்டு உள்ளே போனால் இடம் குறைந்து அழுத்தம் ஏறும்.

குண்டின் விட்டத்தை அளங்கள். பெயரை நம்பினால் ஏமாற்றம்தான்: .223 ரெமிங்டனின் குண்டு 0.224 அங்குலம்; .303 பிரிட்டிஷுக்கு 0.311 அல்லது 0.312; 7.62×39க்குப் பொதுவாக 0.310 அல்லது 0.311. பின்னிரண்டின் கூடுகளில் 0.308 குண்டைப் போட்டால் தளரத்தான் செய்யும். ஜெர்மனியின் 8 மி.மீ. மவுசரில் பழைய 0.318, பிற்பட்ட 0.323 என்று இரண்டு உண்டு. பழைய குழலில் பெரிய குண்டைச் செலுத்துவது ஆபத்து.

குண்டு சரி என்றால், கழுத்தை உள்ளிருந்து விரிக்கும் எக்ஸ்பாண்டரைப் பாருங்கள். ஸ்பிண்டிலின் உருண்டையைக் கழற்றி அளங்கள், 0.308 குண்டுக்கு அது 0.306 அருகில் இருக்க வேண்டும். அதுவும் சரி என்றால் கழுத்துச் சுவர் மெல்லிய கூடு. புஷிங் டை (கழுத்தை நெருக்கும் மாற்று வளையம் கொண்டது) வைத்திருப்பவர்களுக்குக் கணக்கு எளிது: நிரப்பிய தோட்டாவின் கழுத்தை அளந்து, அதைவிட 0.001 அல்லது 0.002 குறைந்த புஷிங் போடுங்கள். குண்டு 0.308, சுவர் பக்கத்துக்கு 0.0135 என்றால் கழுத்து 0.335, புஷிங் 0.333. கூடு மாறினால் புஷிங்கும் மாறும். தளர்வைக் கிரிம்ப் செய்து மறைக்கப் பார்க்க வேண்டாம்.

.223க்கும் 5.56க்கும், .308க்கும் 7.62 நேட்டோவுக்கும் தனித்தனி டை தேவையா?

தேவையில்லை. டைகள் ஒன்றே. ஆனால் இராணுவ .308 கூடுகளின் சுவர் பெரும்பாலும் தடித்தது, உள்ளிடம் குறைவு. அதே மருந்து அளவு அதிக அழுத்தம் தரும் என்பதால், கையேட்டின் தொடக்க அளவிலிருந்து மறுபடி படியேற வேண்டும்.

மருந்து அளக்கும் கருவி சிக்குகிறது, அளவு தாறுமாறாக விழுகிறது.

குச்சிபோல் நீண்ட துகள் கொண்ட மருந்து, உருளையின் விளிம்பில் வெட்டுப்படும்போது கைப்பிடி நெறுநெறுக்கும். அது பழுதல்ல, அந்த மருந்துக்கு அந்தக் கருவி ஒத்துவரவில்லை. கொஞ்சம் குறைவாக விழவைத்து, துகள்களைச் சிறிது சிறிதாக விழவிடும் டிரிக்லரால் தராசில் நிரப்புங்கள். உருண்டைத் துகள் மருந்து அதே கருவியில் தண்ணீர்போல் ஓடும்.

இதைவிட ஆபத்தானது புனலில் நடக்கும் அடைப்பு. .22 போன்ற குறுகிய வாயில் நீண்ட துகள்கள் குறுக்கே நின்று பாலம் கட்டிக்கொள்ளும். ஒரு கூட்டில் பாதி, அடுத்த கூட்டில் ஒன்றரை மடங்கு. குண்டு செருகுவதற்கு முன் எல்லாக் கூடுகளையும் தட்டில் நிறுத்தி, விளக்கொளியில் மருந்தின் மட்டத்தை ஒப்பிட்டுப் பார்ப்பதை ஒருபோதும் விடாதீர்கள்.

மின்னணுத் தராசு காற்றோட்டத்துக்கும் நிலைமின்னுக்கும் அருகில் எரியும் குழல்விளக்குக்கும் தடுமாறும். சோதனை எடைக்கல் ஒன்று பக்கத்தில் இருக்கட்டும். தராசு கிரெயினில் இருக்கிறதா கிராமில் இருக்கிறதா என்று தொடங்குமுன் பாருங்கள். 1 கிராம் 15.43 கிரெயின். மேசையில் ஒரு நேரத்தில் ஒரே ஒரு மருந்து டப்பாதான் இருக்க வேண்டும்.

ஒரு பிரஸ்ஸின் ஷெல் பிளேட்டை இன்னொன்றில் போடலாமா?

முடியாது. பல கூடுகளை ஒன்றாகத் தாங்கும் புரோகிரசிவ் பிரஸ்ஸின் பிளேட்டுகள் அந்தந்த நிறுவனத்துக்கே உரியவை; ஒரே நிறுவனத்தின் இரண்டு மாதிரிகளுக்கிடையே கூட மாறும். வாங்குமுன் மாதிரியின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். நீண்ட ரைஃபிள் தோட்டாவுக்கு ஜன்னல் உயரம் போதுமா என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். டைகளைச் சுழலும் தலையில் தாங்கும் சில டரட் பிரஸ்களில் தானாகச் சுழலும் ஏற்பாடு குட்டைத் தோட்டாக்களுக்கு மட்டுமே இயங்கும். நீண்டவற்றுக்குத் தலையைக் கையால் திருப்ப வேண்டியிருக்கும்.

நீண்டுபோன கூட்டின் வாயை ட்ரிம்மர் வெட்டும் நீளம் மாறிக்கொண்டே இருக்கிறது.

சைஸ் செய்யாமல் வெட்டுகிறீர்களா? தோளைத் தொட்டு அளக்கும் ட்ரிம்மர்களில் தோள் நகர்ந்தால் நீளமும் நகரும். அடியைக் கவ்வும் வகையில், விளிம்பின் பிசிறே தவறான எண் தரும். வாய்க்குள் நுழைந்து கூட்டை நடுவில் நிறுத்தும் பைலட், குண்டின் அளவுக்கு உரியதா என்றும் பாருங்கள். .223க்கு உச்ச நீளம் 1.760 அங்குலம், வெட்டும் நீளம் 1.750; .308க்கு 2.015, 2.005.

கையேட்டில் உள்ள பிரைமர் கிடைக்கவில்லை. வேறு நிறுவனத்துடையதைப் போடலாமா?

அதே வகை என்றால் போடலாம். ஆனால் மருந்தளவைத் தொடக்க நிலைக்குக் குறைத்து மறுபடி ஏற வேண்டும். சாதாரண பிரைமருக்குப் பதில் மேக்னம் போடுவதும் அப்படித்தான். மருந்தை மட்டும் 'ஏறக்குறைய அதே மாதிரி' என்று மாற்றவே கூடாது. பெயரில் ஒரே எண் இருந்தாலும் இரு நிறுவனங்களின் மருந்துகள் வேறு வேறு.

பழைய டை செட் ஒன்று கைக்கு வருகிறது. வாங்குமுன் எதைப் பார்ப்பது?

டையின் தலையில் பொறித்திருக்கும் தோட்டாவின் பெயரை முழுதாகப் படியுங்கள். '.300' என்று தொடங்கும் தோட்டாக்களே பல. செட்டில் இரண்டு டைகளும் ஒரே தோட்டாவுக்கு உரியவையா என்று பாருங்கள். கலந்து போன செட்டுகள் ஏராளம். மரையில் நசுங்கல் இருக்கிறதா? லாக் ரிங்கின் சிறு திருகு நேரடியாக மரையில் குத்தி நின்றிருந்தால் அந்த இடம் கெட்டிருக்கும். பருத்திப் பஞ்சில் எண்ணெய் தொட்டு உள்ளே சுற்றி, வெளிச்சத்தில் கீறல் தேடுங்கள். உள்ளே ஒட்டிய பித்தளைத் துணுக்கு ஒன்று இருந்தாலும் ஒவ்வொரு கூட்டிலும் நெடுகக் கோடு விழும். துணுக்கை மெருகு பசையால் எடுத்துவிடலாம். இரும்பில் துரு குழி பறித்திருந்தால் வேண்டாம்.

ஸ்பிண்டிலை வெளியே எடுத்து எக்ஸ்பாண்டரை அளந்து, ஊசி நேராக இருக்கிறதா என்று கண்ணாடித் தளத்தில் உருட்டிப் பாருங்கள். ஊசி, ஸ்டெம், எக்ஸ்பாண்டர் மூன்றும் தனியாகக் கிடைப்பவை. எனவே அவை இல்லாத டை மலிவாக வந்தால், அந்த நிறுவனம் இன்னும் உதிரி விற்கிறதா என்று மட்டும் விசாரித்துவிட்டு வாங்கலாம்.